கை நடுங்குவது கையாலா, மூளையாலா? பார்க்கின்சன் நடுக்கம் பற்றி ஒரு வாக்குவாதம்

தாமிரபரணி:
அப்பாவுக்கு வயது 69. ஒன்றரை வருடமாக வலது கை நடுங்குகிறது. மடியில் சும்மா வைத்திருக்கும்போதுதான் அதிகம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரையை உருட்டுவது போலத் தேய்த்துக்கொண்டே இருக்கும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் நின்றுவிடுகிறது. தூக்கத்தில் சுத்தமாக இல்லை. போன மாதம் நியூரோ டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் நம்பவில்லை. "வெறும் நரம்புத் தளர்ச்சி, நாலு சத்து ஊசி போட்டால் சரியாகும்" என்கிறார் பெரியப்பா. எனக்கும் குழப்பம்தான். நடுங்குவது கை. கையில் இருப்பது தசையும் நரம்பும். அப்படியிருக்க மூளையில் கோளாறு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பிசியோ மதுரை:
கையின் நரம்பு பழுதானால் பெரும்பாலும் மரத்துப்போகும், பிடி நழுவும், தசை சூம்பும். உங்கள் அப்பாவுக்கு அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அவருடைய கை ஒரே தாளத்தில் ஆடுகிறது. எண்ணிப் பாருங்கள், நொடிக்கு 4 முதல் 6 ஆட்டம் இருக்கும். தசையின் மின்துடிப்பைப் பதியும் ஈ.எம்.ஜி. கருவியை வைத்துப் பார்த்தால், மணிக்கட்டை மடக்கும் தசை ஒரு கணம் சுருங்கும், அது ஓய்ந்ததும் நிமிர்த்தும் தசை சுருங்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மரம் அறுக்கும்போது ரம்பத்தை மாறி மாறி இழுப்பார்களே, அது போல. தசை நல்ல தசை. தண்டுவடத்திலிருந்து அதற்கு வரும் நரம்பும் நல்ல நரம்பு. மேலிருந்து வரும் கட்டளையை இரண்டும் அப்படியே நிறைவேற்றுகின்றன. கட்டளையில்தான் கோளாறு.

பழைய வயர்மேன்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் ஆலைகளில் கண்ட்ரோல் பேனல் பார்த்தவன் நான். ஒரு வால்வு தாளம் தப்பாமல் திறந்து மூடி ஆடினால், மேலே யாரோ ஆடச் சொல்லிக் கட்டளை கொடுக்கிறார்கள் என்று நாங்கள் நினைக்க மாட்டோம். சென்சாரிலிருந்து செய்தி போய்த் திரும்பத் தாமதமாகிறது, திருத்தம் பிந்தி வருகிறது, அதனால் அளவுக்கு மீறித் திருத்துகிறது என்றுதான் பார்ப்போம். கையிலும் அதே ஏற்பாடு உண்டு. தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை இழுபட்டால் அவை தண்டுவடத்துக்குச் சொல்லும், அது உடனே சுருங்கச் சொல்லும். மணிக்கட்டிலிருந்து தண்டுவடம் போய்வர 30 மில்லி வினாடி அளவு. மூளையின் மேலடுக்கான புறணி வரை போய்வரும் நீண்ட சுற்றுக்கு 50, 60. தசை இழுவிசையை எட்டவும் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒரு பக்கம் போக 100 மில்லி வினாடி, திரும்ப 100 என்று வைத்தால் நொடிக்கு 5 ஆட்டம். கணக்கு பொருந்துகிறதே! பார்க்கின்சன்காரர்களுக்கு அந்த நீண்ட சுற்று அளவுக்கு மீறித் துடிப்பாக இருப்பதும் பதிவான விஷயம்தான்.

பிசியோ மதுரை:
கணக்கு அழகாக இருக்கிறது சார். ஆனால் நடுக்கம் எங்கே நின்றது என்று பாருங்கள். 1952இல் அமெரிக்காவில் இர்விங் கூப்பர் என்ற அறுவை மருத்துவர் பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு வேறொரு அறுவை செய்துகொண்டிருந்தார். மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு சிறு தமனி கிழிந்துவிட்டது. அதைக் கட்டிவிட்டு, வந்த வேலையைப் பாதியில் விட்டார். நோயாளி கண் விழித்தபோது நடுக்கம் போயிருந்தது. கை செயலிழக்கவும் இல்லை. அப்புறம் 1987, பிரான்ஸின் கிரெனோபிள் நகரம். பெனபிட் என்ற அறுவை மருத்துவர், மூளையின் ஆழத்தில் செய்திகளைக் கடத்திவிடும் தாலமஸ் என்ற பகுதியில் மின்முனையை வைத்து நொடிக்கு 100 அளவில் துடிப்பு கொடுத்ததும் நடுக்கம் நின்றது. மூளையின் ஆழத்தில் மின்துடிப்பு கொடுக்கும் இன்றைய டி.பி.எஸ். சிகிச்சை அங்கிருந்து வளர்ந்ததுதான். தாலமஸில் நுண்முனை வைத்துக் கேட்டால், கை ஆடும் அதே தாளத்தில் துடிக்கும் செல்கள் கிடைக்கின்றன. யாரும் கையைத் தொடவில்லை.

பழைய வயர்மேன்:
தம்பி, ஒரு சுற்றை எந்த இடத்தில் வெட்டினாலும் ஆட்டம் நிற்கும். ஒயரை நடுவில் வெட்டினேன், மோட்டார் நின்றது, ஆகவே பழுது அந்த ஒயரில்தான் என்று சொல்ல முடியுமா? நான் சொன்ன நீண்ட சுற்று தாலமஸ் வழியாகத்தானே போகிறது? அந்தச் செல்கள் தாளத்தோடு துடிப்பதும் அப்படித்தான். ஆடுகிற கையிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தால் அவை வேறு எப்படித் துடிக்கும்? உங்கள் சான்று எதுவும் என் பக்கத்தை அசைக்கவில்லை.

தாமிரபரணி:
இப்போது எனக்கு வயர்மேன் சார் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

பிசியோ மதுரை:
கொஞ்சம் பொறுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. திரும்பி வரும் ஒயரை மட்டும் வெட்டிப் பார்க்க வேண்டும். அதைச் செய்திருக்கிறார்கள். கையிலிருந்து உணர்வுச் செய்தி தண்டுவடத்துக்குள் நுழைவது பின்வேர்கள் வழியாக. கட்டளை வெளியே போவது முன்வேர்கள் வழியாக. 1930இல் பொல்லாக், டேவிஸ் இருவரும் பார்க்கின்சன் நோயாளியிடம் பின்வேர்களை வெட்டிய அனுபவத்தை எழுதினார்கள். விறைப்பு தளர்ந்தது. நடுக்கம் நிற்கவில்லை. உங்கள் சுற்று உடைந்த பிறகும் ஆட்டம் தொடர்ந்தது சார்.

இன்னொன்று வீட்டிலேயே யோசிக்கலாம். நம் எல்லோர் கையிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கம் ஒன்று உண்டு, நொடிக்கு 8 முதல் 12. கையில் எடையைக் கட்டினால் அதன் எந்திரப் பகுதி மெதுவாகிறது, தராசுத் தட்டில் படி ஏற ஏற ஆட்டம் நிதானமாவது போல. பார்க்கின்சன் நடுக்கத்தில் எடை கட்டினாலும் தாளம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தாளம் கையின் கனத்தாலும் நீளத்தாலும் பிறக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

பழைய வயர்மேன்:
பின்வேர் விஷயம் எனக்குத் தெரியாது. அது பலமான சான்றுதான், ஏற்கிறேன். தாளம் பிறக்கும் இடம் கையில் இல்லை. ஆனால் கை வெறும் கைதி என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். கையை வைக்கும் விதம் மாறினால் நடுக்கத்தின் வீச்சு மாறுகிறது. என் மைத்துனருக்கு இதே நோய். முழங்கையைத் தலையணையில் முழுதாகச் சாய்த்தால் குறைகிறது, அந்தரத்தில் தொங்கவிட்டால் கூடுகிறது. திரும்பி வரும் செய்திக்கு வேலையே இல்லை என்றால் இது எப்படி?

பிசியோ மதுரை:
வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. வீச்சைக் கூட்டிக் குறைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. பிறப்பிடம் அதுவல்ல என்பதுதான் என் வாதம்.

கொடிமுல்லை:
நரம்பியல் மேற்படிப்பில் இருக்கிறேன். இரண்டு பேரும் "மூளை" என்று ஒரே சொல்லில் முடிப்பது எனக்கு உறுத்துகிறது. மூளை செல்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்தது, ஆகவே கை ஆடுகிறது என்பது உண்மையில் பாதிதான். நடுமூளையில் கருஞ்சாம்பல் பகுதி (சப்ஸ்டான்ஷியா நைக்ரா) என்ற இடத்தில் டோபமின் செல்கள் அழிவதால் அசைவு மந்தமாவதும் உடல் விறைப்பதும் வருகின்றன. அழிவு கூடக் கூட அவையும் கூடுகின்றன. நடுக்கம் அந்தக் கணக்குக்கு ஒழுங்காகக் கட்டுப்படுவதில்லை. கடுமையான டோபமின் இழப்போடு நடுக்கமே இல்லாதவர்கள் உண்டு. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மருந்தைக் கொடுத்தால் விறைப்பு நன்றாக இளகி, நடுக்கம் மட்டும் அடம்பிடிக்கும் ஆட்களை வார்டில் பார்க்கிறோம்.

2011இல் ரிக் ஹெல்மிக்கும் அவருடைய குழுவினரும் நெதர்லாந்தில் ஸ்கேன் கருவிக்குள் நோயாளியைப் படுக்கவைத்து, கையின் ஈ.எம்.ஜி.யையும் சேர்த்துப் பதிந்து பார்த்தார்கள். டோபமின் போய்ச் சேரும் ஆழ்மூளைப் பகுதிகளான அடித்தள முடிச்சுகள் துள்ளுவது நடுக்கம் தொடங்கும் கணத்தில். ஆட்டம் எவ்வளவு பெரியது என்பதோடு ஏறி இறங்குவது சிறுமூளை, தாலமஸ், இயக்கப் புறணி சேர்ந்த இன்னொரு சுற்று. மின்விசிறிக்கு சுவிட்ச் ஒன்று, ரெகுலேட்டர் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டோபமின் கெட்டதால் சுவிட்ச் தானாக விழுகிறது, வேறொரு சுற்று அதைப் பெருக்குகிறது. உடலிலிருந்து வரும் உணர்வுச் செய்திகளை வாங்கும் சிறுமூளை இதில் வந்துவிட்டதால் வயர்மேன் சார் சொன்ன உடல் செய்திகளுக்கும் அங்கே கதவு திறந்தே இருக்கிறது.

இன்னொரு வியப்பு. ஒரே கையின் தசைகள் ஒரே தாளத்தில் பூட்டிக்கொண்டு ஆடும். வலது கையும் வலது காலும் சேர்ந்து நடுங்கினாலோ, பெரும்பாலும் இரண்டும் தனித்தனித் தாளம். மேலே ஒரே ஒரு தாளக்காரர் உட்கார்ந்திருந்தால் அப்படி இருக்காது.

பிசியோ மதுரை:
டோபமினை இவ்வளவு ஓரங்கட்டாதீர்கள் டாக்டர். லெவோடோபாவில் நடுக்கம் நன்றாக அடங்கியவர்களையும் நான் பார்க்கிறேன். குடும்பத்தார் இதைப் படித்துவிட்டு மருந்தால் பயனில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

கொடிமுல்லை:
அது சரியான எச்சரிக்கை. பலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் குறைவாகவே கேட்கிறது. கேட்கவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன என்பதற்காகத்தான் சொன்னேன்.

மூலிகைத் தோட்டம்:
பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது. 1937இல் நம் சென்னையில்தான் தாமோதரன், ராமசாமி இருவரும் அதைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். அப்புறம் ஏன் மாத்திரை? பொடியே போதுமே.

கொடிமுல்லை:
அந்த ஆய்வு நமக்குப் பெருமைதான். ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையில் இருக்கும் கார்பிடோபா, லெவோடோபா மூளைக்குப் போகும் முன் உடலிலேயே கரைந்துபோகாமல் காக்கிறது. பொடியில் அது கிடையாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் இதையும் சேர்த்தால் அளவு மீறி வாந்தி, தலைசுற்றல், தேவையில்லாத உடல் அசைவுகள் வரலாம். டாக்டருக்குத் தெரியாமல் தயவுசெய்து வேண்டாம்.

தாமிரபரணி அவர்களே, இன்று மாலை ஒன்று செய்து பாருங்கள். அப்பாவை இரண்டு கையையும் முன்னால் நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்புறம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லுங்கள்.

தாமிரபரணி:
செய்தோம். பெரியப்பாவும் பக்கத்தில் இருந்தார். கையை நீட்டியதும் நடுக்கம் நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன். எட்டு வரை அசைவே இல்லை, ஒன்பதில் மெல்ல ஆரம்பித்தது. கழித்தலில் 93, 86 வரை சரியாகச் சொன்னார். 79க்குத் தேடும்போது கை துள்ளிக் குதித்தது. "மனசைத் திடமா வெச்சுக்கோடா" என்று இத்தனை நாள் அதட்டிய பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னிடம், "கணக்குப் போட்டா கை ஆடுதுன்னா அது கையில இல்லல்ல?" என்று கேட்டார்.

சத்து ஊசிப் பேச்சு இன்று எழவில்லை. செவ்வாய்க்கிழமை மாத்திரை ஆரம்பிக்கிறோம்.

பழைய வயர்மேன்:
முழங்கைக்குத் தலையணை வையுங்கள், அம்மா. அதுவும் உதவும்.