அங்கோரும் அருவிகளும்: மூன்று நாள் கார் பயணத்துக்கு யோசனை தேவை

நவம்பர் கடைசியில் அம்மாவும் நானும் கம்போடியா போகிறோம். சியம் ரீப்பில் தங்கல். முதல் நாள் முழுவதும் அங்கோர் வாட்டுக்கு. அதில் பேரமே இல்லை. சிக்கல் மற்ற இரண்டு நாள்களில்தான். குலேன் மலைப்பாதையில் முற்பகலில் ஏற மட்டுமே விடுவார்கள், நண்பகலுக்குப் பிறகே இறங்கலாம். அருவியில் குளித்துவிட்டு இறங்கினால், பெங் மீலியா இடிபாடுகளை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட முடியுமா?

மறுநாள், 967இல் குடமுழுக்குக் கண்ட பாந்தே ஸ்ரீ. பிறகு ஆற்றுப்படுகையிலேயே லிங்கங்களைச் செதுக்கிவைத்திருக்கும் கபால் ஸ்பியன். அங்கே காட்டுக்குள் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். அம்மாவின் முழங்கால் தாங்குமா? (நான் இப்படிக் கேட்டது அவருக்குத் தெரிய வேண்டாம்.) மழைக்காலம் அக்டோபரோடு ஓய்ந்துவிடுவதால் அருவிகள் இளைத்திருக்குமோ? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.