ஸ்பீக்கர் பெட்டிக்குள் எந்த ஒயர் போடலாம்?

வணக்கம். அப்பா வாங்கிய பழைய டூ-வே ஸ்பீக்கர் ஜோடி, 8 ஓம். வலது ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) விட்டுவிட்டுப் பாடுகிறதே என்று, கனத்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான ஊஃபரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே நூல் மாதிரி ஒயர். ட்வீட்டர் முனையில் பச்சைக் களிம்பு. சரி, திறந்தது திறந்தாயிற்று, எல்லா ஒயரையும் மாற்றிவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

ஒருமுறை ஏற்கெனவே ஏமாந்தாயிற்று. 'சுத்தச் செம்பு' என்று ஒரு கடையில் கொடுத்த ஒயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு!

18 கேஜ் (ஒயரின் தடிமன் எண்; எண் குறைந்தால் தடிமன் கூடும்) செம்புக்கு மீட்டருக்குச் சுமார் 0.021 ஓம்தான் வருகிறது. பெட்டிக்குள் போக வரச் சேர்த்தே ஒரு மீட்டர்தான் ஓடும். 8 ஓமுக்கு முன்னால் இது எம்மாத்திரம்? ஆனால் நண்பர் ஒருவர், வெள்ளி முலாம் பூசிய டெஃப்லான் ஒயர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

ஊஃபருக்கு 16, ட்வீட்டருக்கு 18 கேஜ் பல இழைச் செம்பு போதாதா? முனையில் நேராகச் சால்டர் வைக்கலாமா, கிளிப் நல்லதா? ட்வீட்டர் சூடு தாங்குமா என்று பயமாக இருக்கிறது. அப்புறம், இந்தக் காசுக்குக் கிராஸ்ஓவரில் (ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) உள்ள பழைய கெப்பாசிட்டர்களை மாற்றினால் காதுக்கு வித்தியாசம் அதிகம் தெரியுமா? சென்னை ரிச்சி தெருவில் நல்ல ஒயரை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.