மொபி டிக்: திமிங்கிலப் பாடங்களைத் தாண்டிப் படிக்கலாமா?

கேள்வி – பட்டர்வொர்த் பயணி

வணக்கம். வேலைக்காக நாள்தோறும் பெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போய் வருகிறேன். கடலைக் கடக்கும் நேரத்தில் கடல் நாவல் ஒன்றையே படிக்கலாம் என்று ஹெர்மன் மெல்விலின் ‘மொபி டிக்’கைத் தொடங்கினேன். விடுதியில், கதை சொல்லும் மாலுமி இஷ்மேலும் அவன் தோழனாகும் குவிக்குவெக்கும் ஒரே கட்டிலில் படுக்க நேரும் பகுதியில் சிரித்துக்கொண்டிருந்ததால், துறை வந்ததுகூடத் தெரியவில்லை. ஆனால் 32ஆம் அத்தியாயத்தில் கதை நின்றுபோய், திமிங்கில வகைகளைப் பற்றிய நீண்ட பாடம் தொடங்கிவிட்டது. இரண்டு முறை கைவிட்டு, மூன்றாம் முறையும் அதே பக்கத்தில்தான் நிற்கிறேன். இன்னும் நூறு அத்தியாயங்களுக்கு மேல் இருக்கின்றன. இத்தகைய பகுதிகளை விட்டுவிட்டு கப்பல் தலைவர் ஏஹாப் வரும் இடங்களை மட்டும் படித்தால் போதாதா? திரைப்படம் பார்த்திருப்பதால் முடிவு தெரியும், தயங்காமல் எழுதுங்கள்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஜார்ஜ்டவுன்

தம்பி, அந்த அத்தியாயத்தை நீங்கள் பாடநூலாகப் படித்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அதைக் கேலியாகப் படித்துப் பாருங்கள். திமிங்கிலம் மீனே அல்ல என்று இயற்கையியலாளர் லின்னேயஸ் பிரித்துச் சொல்லிவிட்ட பிறகும், இஷ்மேல் அது மீன்தான் என்று அடம்பிடிக்கிறான். பிறகு அச்சகத்தில் புத்தகங்களுக்குச் சொல்லும் அளவுகளைக் கொண்டு, பெரியதை ஃபோலியோ என்றும் நடுத்தரத்தை ஆக்டேவோ என்றும் அடுக்குகிறான். உயிரினத்தை நூலகத் தட்டில் வைத்துவிடலாம் என்று நம்புகிறவனின் தவிப்பு அது. கடைசியில் தன் வகைப்பாடு முடியவே முடியாது என்று அவனே ஒப்புக்கொண்டு, அன்று கட்டி முடிக்கப்படாமல் இருந்த கொலோன் தேவாலயத்தைப் போல அதைப் பாதியில் விடுகிறான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 82ஆம் அத்தியாயத்தில், வேதங்களை மீட்க விஷ்ணு எடுத்த மச்சாவதாரத்தையே திமிங்கிலம் என்று சொல்லி, அவரையும் வேட்டைக்காரர் குலத்தில் சேர்த்துக்கொள்கிறான். பெருமாள் கோயில் சுவரில் அந்த உருவத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்த நகைச்சுவை மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே பிடிபடும்.

மறுமொழி 2 – இழுவைப்படகுக்காரர்

இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் 60ஆம் அத்தியாயத்தைத் தாண்டிவிடாதீர்கள். அது முழுக்க முழுக்கக் கயிற்றைப் பற்றியது. அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கனமும் 200 பாகத்துக்கு (ஒரு பாகம் ஆறடி) மேல் நீளமும் கொண்ட அந்தக் கயிற்றைச் சிறு சிக்கலும் இல்லாமல் தொட்டிக்குள் சுருட்டி வைப்பார்கள். ஹார்பூனோடு, அதாவது சங்கப் பாடல்களில் சுறாவேட்டைப் பரதவர் கையிலிருக்கும் எறியுளி போன்ற ஆயுதத்தோடு, கட்டப்படும் அந்தக் கயிறு, படகின் பின்புறக் கட்டையைச் சுற்றி வந்து, துடுப்பு வலிக்கும் ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் உரசியபடி முன்முனை வழியாக வெளியேறும். அடிபட்ட திமிங்கிலம் பாய்ந்தால் அத்தனை பேரைச் சுற்றிலும் கயிறு பறக்கும். எங்கள் படகில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதலில் சொல்வதே, கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதே என்பதுதான். 1841 ஜனவரியில் அக்குஷ்னெட் என்ற வேட்டைக் கப்பலில் தாமே ஏறிப் போனவர் என்பதால், மெல்வில் இதைக் கையறிந்து எழுதியிருக்கிறார். கடைசி அத்தியாயத்தில் அந்தக் கயிறு ஏஹாப்பின் கழுத்தில் சுற்றி அவரை இழுத்துக்கொண்டு போவது இரண்டே வரியில் முடிந்துவிடும். 60ஐப் படிக்காதவருக்கு அந்த இரண்டு வரி வெறும் விபத்தாகத்தான் தெரியும்.

மறுமொழி 3 – பாயான் லெப்பாஸ் வாசகன்

நான் சற்று மாறுபடுகிறேன். ஓவியங்களில் திமிங்கிலம் எப்படியெல்லாம் வரையப்பட்டது என்னும் 55 முதல் 57 வரையிலான பகுதியை வேகமாகப் புரட்டினேன், இழப்பாகத் தோன்றவில்லை. ஆனால் 87ஆம் அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். அது நம் மலாக்கா தீபகற்பத்தின் பெயரோடுதான் தொடங்குகிறது. கப்பல் சுந்தா நீரிணையைக் கடக்கும்போது முன்னே திமிங்கிலக் கூட்டம், பின்னே துரத்தும் மலாய்க் கடற்கொள்ளையர். இந்தப் பக்கத்து மக்கள் நாவலுக்குள் கொள்ளையராக மட்டுமே வந்து போவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இருந்தாலும் அதற்குப் பின் வரும் காட்சிக்கு ஈடில்லை: வேட்டைப்படகு கூட்டத்தின் நடுவே சிக்கிக்கொள்ள, அங்கே நீர் குளம்போல அமைதியாக இருக்கிறது, கீழே தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளுக்குப் பால் கொடுக்கின்றன, குவிக்குவெக் கையை நீட்டி அவற்றின் நெற்றியைத் தட்டிக்கொடுக்கிறான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பெர்ரியில் 60ஐ மட்டும் படித்து முடித்தேன். இனி 32க்குத் திரும்பி வரிசையாகவே போவதாக இருக்கிறேன். ஒரு சந்தேகம், ஐயா: கயிறு ஓடும் வேகத்தில் புகையும் என்பது உண்மையா?

இழுவைப்படகுக்காரர்

உண்மைதான். கட்டையில் உரசி ஓடும்போது மணிலாக் கயிறு புகையும். நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும். அடுத்த அத்தியாயத்திலேயே பாருங்கள்: கயிற்றை நனை, நனை என்று கப்பலின் துணை அதிகாரி ஸ்டப் கத்துவார், தொட்டியருகே உட்கார்ந்திருப்பவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, அதிலேயே கடல்நீரை மொள்வான்.