ஆரேலியா பி20 (4ஆம் வரிசை): 2,800 ஆர்பிஎம்மில் டனல் அதிர்வு. கியர்பாக்ஸை மறுபடி இறக்குமுன் எதைப் பார்ப்பது?

நீலக்கூபே:
கார் 1954 லான்சியா ஆரேலியா பி20 ஜிடி, 4ஆம் வரிசை (சீரிஸ்). 2,451 சிசி, பின்னால் டி டியான் ஆக்ஸில் (இரண்டு பின்சக்கரத்தையும் ஒரு குழாயால் இணைக்கும் அமைப்பு). நாலாவது கியரில் 100 கி.மீ. வேகத்தை நெருங்கும்போது (தகோமீட்டர் 2,700–2,900) சீட்டுக்கு அடியிலும் நடு டனலிலும் (தரையின் நடுவே ஷாஃப்ட் போகும் மேடு) ஒரு கிர்ர் அதிர்வு. 3,200 தாண்டினால் தணிந்துவிடுகிறது. ஸ்டீயரிங்கில் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது கியரில் வேகம் குறைவாக இருந்தாலும் அதே 2,800இல் வருகிறது. டயர் நான்கும் புதிது, 165 × 400, பேலன்ஸ் செய்தாயிற்று. கிளட்ச் தட்டு மாற்ற ஒருமுறை கியர்பாக்ஸ் இறங்கி ஏறியது, அதிர்வு அதற்குப் பிறகுதான். திரும்ப இறக்காமலே எதையெல்லாம் கழித்துக்கட்டலாம்?

பற்சக்கரம்:
மூன்றாவது கியரிலும் அதே ஆர்பிஎம்மில் வருகிறது என்றால் சக்கரம், அரை ஆக்ஸில், கிரவுன் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) எல்லாம் கிட்டத்தட்ட விடுதலை. அவை வண்டி வேகத்தோடு போகிறவை.

இந்தக் காரில் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாகப் பின்னால் இருக்கின்றன. ஆகவே எஞ்சினிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லா கியரிலும் எஞ்சின் வேகத்திலேயே சுற்றுகிறது. வண்டி நின்றாலும் சுற்றும், கிளட்சை மிதித்தாலும் சுற்றும். சோதிப்பவருக்கு இது பெரிய வசதி.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். மெதுவாக 2,800க்குக் கொண்டுபோய் அங்கேயே பிடியுங்கள். அதிர்வு வந்தால் சாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே ஆர்பிஎம்மில் கிளட்ச் பெடலை முழுசாக மிதியுங்கள். அதிர்வு மாறினால் கிளட்ச் தட்டு அல்லது கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு பக்கம் சந்தேகப்படலாம். துளியும் மாறாவிட்டால் ஷாஃப்ட், ரப்பர் கப்ளிங், நடு பேரிங், கிளட்ச் கவர் இவற்றில் ஒன்று.

மணல்மேடு:
டயரை அவ்வளவு சீக்கிரம் விடுவிக்காதீங்க. 400 மி.மீ. ரிம் என்பது 15.75 அங்குலம். 15 அங்குல டயரும் பொருந்தாது, 16ம் பொருந்தாது. "ஏறக்குறைய சரியா இருக்கு" என்று 16ஐ மாட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு, ரிம்மில் பீடு (டயரின் உள்விளிம்பு) பிடிக்காமல் நழுவும். அளவு சரியாகவே இருந்தாலும், டியூபும் ஃபிளாப்பும் (டியூபைக் காக்கும் ரப்பர் பட்டை) சரியாக உட்காராவிட்டால் உதறல் வரும்.

பற்சக்கரம்:
ரிம் எச்சரிக்கை நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இந்த நோய்க்கு அது காரணமாக முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 14 சுற்று, அதாவது 14 ஹெர்ட்ஸ். அது உடம்பைக் குலுக்கும் உதறல். 2,800இல் ஷாஃப்ட் வினாடிக்கு 47 சுற்று. "கிர்ர்" என்று அவர் எழுதியிருப்பது இரண்டாவது ரகம்.

போனில் அதிர்வு அளக்கும் செயலி இருந்தால் டனல் மேல் இரட்டை டேப்பால் ஒட்டிவைத்து அளக்கலாம். சாம்ப்ளிங் வினாடிக்கு 200 ஆவது வேண்டும். 100 என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அது காட்டுவதெல்லாம் பொய். 2,800இல் வரைபடத்தில் 47 ஹெர்ட்ஸில் முள் மாதிரி கூர்முனை எழுந்தால் ஷாஃப்ட் பக்கக் கோளாறு. 23இல் எழுந்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை (ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும்). பிளக், காயில், பாயிண்ட் பக்கம் போங்கள். 60 டிகிரி வி6 ஆதலால் 120 டிகிரிக்கு ஒருமுறை சீராகத் தீப்பிடிக்கிறது. அதன் இயல்பான துடிப்பு 140 ஹெர்ட்ஸ், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எஞ்சின் இவ்வளவு வழவழப்பாக ஓடுவதால்தான் ஷாஃப்டின் சின்னக் கோளாறும் இந்தக் காரில் பெரிதாகத் தெரிகிறது.

நீலக்கூபே:
செய்து பார்த்தேன். நியூட்ரலில் நின்ற நிலையிலும் 2,800இல் அதே அதிர்வு. பெடலை மிதித்தால் மாற்றமே இல்லை. செயலியில் முள் 46–47. 23இல் ஒன்றும் இல்லை. கிளட்ச் வேலைக்கு ஷாஃப்டைக் கழற்றியபோது ஃபிளாஞ்சில் (போல்ட் போடும் முனைத்தட்டு) குறி போட்டதாகத் தெரியவில்லை, பெயின்ட் தடயமும் இல்லை.

ஆயில்சீல்:
குறி இல்லாமல் கழற்றினதுதான் வினை. ஷாஃப்டை கப்ளிங், நடு பேரிங் எல்லாம் கோத்து முழு வரிசையாகத்தான் பேலன்ஸ் செய்வார்கள். ஒரு ஃபிளாஞ்ச் ஒரு துளை தள்ளி மாட்டினால் போதும், எங்கோ கழித்த எடை வேறெங்கோ போய் நிற்கும். பார்க்கவேண்டிய வரிசை:

முதலில் ரப்பர். பழைய கப்ளிங்கில் போல்ட் துளையைச் சுற்றி நகக்கீறல் மாதிரி வெடிப்பு, ரப்பர் உப்பல், பளபளப்பு தெரிந்தால் அதில் ஆயில் ஏறியிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். புது கப்ளிங் இரும்புப் பட்டை கட்டி வந்தால் போல்ட் எல்லாம் இறுக்கி முடிக்கும்வரை பட்டையை வெட்டாதீங்க. போல்ட் தலையைப் பிடிச்சுக்கிட்டு நட்டை மட்டும் சுழற்றணும். தலையைச் சுழற்றினால் உள்ளே புஷ் முறுக்கிக்கொண்டு சில நூறு கிலோமீட்டரில் கிழியும்.

அடுத்து நடு பேரிங். ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ரப்பர் நெகிழ்வு மட்டும்தான் தெரியணும். "டக்" என்று உலோகச் சத்தம் வந்தால் பேரிங் முடிந்தது. அதைத் தாங்கும் பிராக்கெட்டை முறுக்கி இறுக்கியிருந்தாலும் இதே கிர்ர் வரும். போல்ட்டுகளைத் தளர்த்தி, ஷாஃப்டை நாலைந்து சுற்று கையால் சுற்றி, அது தானாக உட்காரும் இடத்தில் இறுக்குங்க.

மூன்றாவது, டயல் கேஜ் (கோணலை அளக்கும் முள் கருவி). குழாயின் நடுவில் வைத்துச் சுற்றிப் பாருங்க. என் அளவுகோல் 0.3 மி.மீ.க்குள். அதற்கு மேல் என்றால் குழாய் வளைந்திருக்கு, ஜாக்கியைத் தப்பான இடத்தில் கொடுத்திருப்பாங்க.

இதெல்லாம் சரி என்றால் ஹோஸ் கிளிப் (ரப்பர் குழாயை இறுக்கும் வளையம்) வித்தை. ஷாஃப்டின் பின்முனைக்குப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் 1, 2, 3, 4 என்று நாலு திசைக் குறி. கிளிப்பின் ஸ்க்ரூ தலையை 1இல் வைத்து 2,800இல் அளவு எடுங்க, பிறகு 2, 3, 4. எந்தத் திசையில் குறைகிறதோ அங்கே நிறுத்துங்க. எடை கூடிப்போய் மறுபடி அதிர்ந்தால் இரண்டு கிளிப் போட்டு, தலைகளை அந்தத் திசைக்கு இரண்டு பக்கமும் சமமாக விரித்துக்கொண்டே போங்க. வண்டி நின்றபடியே செய்யலாம் என்பதுதான் ஆரேலியாவில் சௌகரியம். ஆனால் எஞ்சின் ஓடும்போது வண்டிக்கு அடியில் ஒருத்தரும் இருக்கக்கூடாது. அணைத்த பிறகுதான் கிளிப்பை நகர்த்தணும்.

எந்த இடத்தில் வைத்தாலும் குறையவில்லை என்றால் கிளட்ச் கவர் தள்ளி மாட்டியிருக்கு. அதற்குக் கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும்.

மணல்மேடு:
ஒன்று விட்டுப்போச்சு: கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர். அது அமுங்கினால் ஷாஃப்ட் கோணம் மாறி கப்ளிங் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கும், ஓட்டி வந்ததும் தொட்டால் சுடும். அப்படியே கியர்பாக்ஸ் பக்கவாட்டு ஆயில் சீலையும் பாருங்க. பின் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸை ஒட்டி உள்ளே இருக்கு. சீல் ஒழுகினால் ஆயில் நேரே லைனிங்கில்தான்.

நீலக்கூபே:
5ஆம் வரிசை ஷாஃப்டை வாங்கிப் போட்டுவிட்டால் பிரச்சினையே தீரும் என்று ஒருவர் சொல்கிறார். சரிவருமா?

பற்சக்கரம்:
அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 1956இல் 5ஆம் வரிசை வந்தபோது அதிர்வைக் குறைக்கவே லான்சியா ஷாஃப்டைத் திருத்தியது. ஆனால் கூடவே கியர்பாக்ஸ்-டிஃபரன்ஷியல் கட்டும் மாறிவிட்டது. ஷாஃப்டை மட்டும் பெயர்த்து வைக்க முடியாது, பின்கட்டு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். அதோடு, டி டியான் வந்த முதல் வரிசை 4ஆவது. எஞ்சினும் இன்னும் 118 குதிரைத்திறனில் இருந்தது, 5இல் குறைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட காரைக் கலப்படமாக்குவது வீண்.

கையில் இருக்கும் ஷாஃப்டையே பேலன்ஸ் கடைக்கு அனுப்புங்கள். கப்ளிங்குகளும் நடு பேரிங்கும் மாட்டியபடியே போகட்டும். இந்த எஞ்சின் 5,000 தொடும், ஆகவே 3,000 வரை மட்டும் சுழற்றும் மெஷின் போதாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் மாட்டுமுன் எல்லா ஃபிளாஞ்சிலும் சென்டர் பஞ்சால் குறி அடியுங்கள். பெயின்ட் ஆயிலில் அழிந்துவிடும்.

நீலக்கூபே:
கிளிப்பை 3இல் வைத்தபோது அதிர்வு பாதிக்குமேல் குறைந்தது. ஷாஃப்ட் கழற்றியாகிவிட்டது. முன் கப்ளிங்கில் இரண்டு துளையில் வெடிப்பு.

ஆயில்சீல்:
அப்ப கப்ளிங்கை மாற்றிய பிறகுதான் பேலன்ஸுக்கு அனுப்பணும். பழசோடு அனுப்பினால் அந்தக் காசு தண்டம். போல்ட்டும் நட்டும் புதுசாப் போடுங்க.