மன்றக் கூட்டத்தில் நம் ஊர்ப் பிரச்சினைகள்: கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும்

குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், பேராக்

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் நம் மக்களின் குறைகளை எப்படி எழுப்புகிறார்கள், மன்றம் அவற்றுக்கு என்ன பதில் தருகிறது என்பதை நேரில் கண்டவர்கள் எழுத வேண்டும் என்று இங்கே ஓர் அன்பர் கேட்டிருந்தார். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்கள்; தோட்டம் கைமாறியபோது லயத்தை, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்துவிட்டு இந்த மலிவு விலை வீடுகளுக்கு வந்தவர்கள். தாமானின் பின்பக்கம் இன்றும் தோட்டம்தான். கனத்த மழை பெய்தால் கடைசி இரண்டு வரிசை வீடுகளில் தண்ணீர் புகுந்துவிடும்.

இதற்கு முன்பிருந்த மன்ற உறுப்பினர் நல்ல மனிதர். கோயில் திருவிழா, கல்யாணம், கருமக்கிரியை எதையும் தவறவிட்டதில்லை. நாங்கள் அனுப்பிய வெள்ளப் படங்களை அவர் மன்ற அதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு உடனே அனுப்புவார். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வரும். அடுத்த வாரம் இரண்டு தொழிலாளர்கள் வந்து கால்வாயில் கிடக்கும் குப்பையை அள்ளிப் போவார்கள். மறுபடியும் மழை பெய்யும், மறுபடியும் படம் அனுப்புவோம். அவர் பதவியில் இருந்த காலம் முழுவதும் இப்படியே போயிற்று. அவருடைய அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தண்ணீர் ஏன் வருகிறது என்ற கேள்வி மன்றத்தில் ஒரு முறைகூட எழுத்தில் பதிவாகவில்லை.

அவருக்குப் பின் நியமிக்கப்பட்டவர் வேறு வழியில் வேலை செய்தார். மழை விட்ட மறுநாள் காலையில் மன்றப் பொறியியல் பிரிவிலிருந்து வாங்கிய தாமான் வரைபடத்துடன் வந்தார். கடைசி வரிசையில் ஒரு பாட்டியின் வீட்டுக்குள் சென்று, சுவரில் பிளக் பாயிண்டுக்குச் சற்றுக் கீழே படிந்திருந்த சேற்றுக் கோட்டை அளவுநாடா வைத்துப் படம் எடுத்தார். "மழ இருட்டிக்கிட்டு வந்தாலே அரிசி மூட்டையத் தூக்கிக் கட்டில் மேல வெச்சிருவேன் தம்பி, தூக்கம் எங்க வருது" என்று பாட்டி சொன்னதையும் குறித்துக்கொண்டார். பிறகு பின்வேலியை ஒட்டிய சிறு பாலத்தடியில் குனிந்து பார்த்தார். குழாயின் வாய் பாதிக்கு மேல் மஞ்சள் மண்ணால் அடைபட்டிருந்தது. அந்த மண் தாமானிலிருந்து வந்ததன்று. வேலிக்கு அப்பால் பழைய செம்பனை மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்திருந்தார்கள், மேடெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. சுமார் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை தோட்டங்களில் நடக்கும் வழக்கமான வேலைதான் அது. ஆனால் கன்று வேர்பிடித்து மூடுகொடி படரும்வரை, பெய்கிற மழையெல்லாம் மண்ணை வாரிக்கொண்டு தாழ்ந்த பக்கம் இறங்கும். எங்கள் ஊரில் தாழ்ந்த பக்கம் எங்கள் தாமான்.

அந்த மாத முழு மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் இருக்கையில் நானும் அமர்ந்திருந்தேன். "கால்வாய் அடைத்துக்கொண்டது, சுத்தம் செய்து தாருங்கள்" என்று அவர் கேட்கவில்லை. தாமானின் கால்வாய்களை வீடமைப்பு நிறுவனத்திடமிருந்து மன்றம் முறைப்படி ஏற்றுக்கொண்டதா, பாலத்துக்கு அப்பால் ஆறு வரை உள்ள வாய்க்காலைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, மறுநடவு நடக்கும் நிலத்திலிருந்து மண் இறங்காமல் தடுக்கும்படி தோட்ட நிர்வாகத்துக்கு மன்றம் எழுதியதா என்று மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டார். தாமானுக்குள் இருக்கும் கால்வாய்கள் மன்றத்தைச் சேர்ந்தவை, பாலத்துக்கு அப்பால் இருப்பது தோட்ட நிலம், ஆறு வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு, தனியார் நிலத்தில் மன்றத்தின் பணத்தைச் செலவிட முடியாது, தோட்டத்துக்கு இதுவரை கடிதம் எதுவும் எழுதவில்லை என்று பொறியியல் பிரிவின் தலைவர் பதிலளித்தார்.

அந்தப் பதிலைக் கேட்டு எங்களில் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கோ அதுவே முதல் உருப்படியான பதிலாகத் தோன்றியது. இத்தனை ஆண்டுகளும் மன்றம் என்ற ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். மூன்று கதவுகள் இருப்பது அன்றுதான் எழுத்தில் வந்தது. மன்றம், வடிகால் நீர்ப்பாசன இலாகா, நில அலுவலகம், தோட்ட நிர்வாகம் ஆகிய நான்கு தரப்பும் சேர்ந்து இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று மன்றத் தலைவர் அங்கேயே உத்தரவிட்டார், அது கூட்டக் குறிப்பில் ஏறியது.

கூட்டக் குறிப்பில் ஏறிய பிறகுதான் உறுப்பினரின் உண்மையான வேலை தொடங்குகிறது என்பேன். ஒவ்வொரு கூட்டத்திலும், புதிய விஷயங்களுக்குப் போகுமுன், முந்தைய கூட்டத்திலிருந்து எழும் விஷயங்களை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பகுதியில் ஒரு விஷயம் நிற்கும்வரை யாராவது ஓர் அதிகாரி எழுந்து, என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும். "நடவடிக்கையில் உள்ளது" என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தார்கள். எங்கள் உறுப்பினர் விடவில்லை. யார், எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொரு மாதமும் கேட்டார். தோட்ட நிர்வாகம் எல்லையோரம் மண் படியும் குட்டை ஒன்றை வெட்டியது. மன்றம் அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பெரிய கான்கிரீட் பெட்டிப் பாலம் வைத்தது. ஆற்றைத் தூர்வாரும் வேலை இன்னும் தொடங்கவில்லை. அதனால் ஆறு நிரம்பும் நாளில் இப்போதும் தண்ணீர் வருகிறது, ஆனால் முன்போல் விடியும்வரை நிற்பதில்லை.

மன்ற உறுப்பினர் நாம் வாக்களித்து அனுப்பியவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி, ஒரு மன்றத்துக்குத் தலைவரோடு 8க்குக் குறையாமலும் 24க்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு நியமனம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. முன்பு மக்களே வாக்களித்து வந்தார்கள். இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல், அந்தத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்கு நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமை தாங்கினார். மேற்கு மலேசியா முழுவதும் விசாரித்த அந்த ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை, 1976ஆம் ஆண்டின் சட்டம் தேர்தல் முறையையே நீக்கிவிட்டது. தோட்டப்புற மக்களுக்கு இதனால் நேர்ந்த இழப்பு பெரியது என்பது என் உறுதியான கருத்து. நம் உறுப்பினரை வைத்துக்கொள்வதும் மாற்றுவதும் நம் கையில் இல்லை. அவர் போகும்போது அவருடைய கோப்பும் அவரோடு போய்விடுகிறது. ஆகவே எங்கள் சங்கம் ஒவ்வொரு கடிதத்துக்கும், ஒவ்வொரு கூட்டக் குறிப்புப் பகுதிக்கும் நகல் வாங்கிப் பத்திரப்படுத்துகிறது.

தோட்டத்துக் கிராணியின் மகள், நெகிரி செம்பிலான்

ஐயா எழுதியது எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்துகிறது. எங்கள் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் சாலை தோட்டத்தின் வழியாகப் போகிறது. பழம் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி, பள்ளி வேனின் சக்கரம் பாதி இறங்கும் அளவுக்குக் குழிகள் விழுந்துவிட்டன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வேண்டுகோளை எங்கள் மன்ற உறுப்பினர் கூட்டத்தில் எழுப்பியபோது, அந்தச் சாலை மாரிஸ் எனும் மலேசியச் சாலைப் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு தரும் மானியம் அந்தப் பதிவேட்டில் உள்ள சாலைகளுக்குத்தான் கிடைக்கும். தோட்டச் சாலை தனியார் நிலத்தில் இருப்பதால் அது பொதுச் சாலையாகக் கணக்கில் வருவதில்லை. சாலைக்குரிய நிலத்தைத் தோட்ட நிறுவனம் அரசுக்கு ஒப்படைத்தால்தான் அதைப் பதிவேட்டில் சேர்க்க முடியும் என்றார்கள். நிறுவனம் இன்றுவரை இசையவில்லை. உறுப்பினர் பேசிப் பேசி, பள்ளி விடுமுறைதோறும் குழிகளில் கல் கொட்டிச் சமப்படுத்த மட்டும் நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். குழந்தைகள் போகும் சாலைக்கு இதுதானா முடிவு என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

மற்றொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். லயத்து வீடுகளில் கூரை ஒழுகுகிறது, குடிநீர் கலங்கி வருகிறது என்ற புகார்களையும் நம் மக்கள் மன்ற உறுப்பினரிடமே கொண்டு செல்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டத்தின் கீழ் முதலாளியின் கடமை. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. எங்கள் உறுப்பினர் அதை எடுத்துச் சொல்லிக் கைகழுவிவிடாமல், தொழிலாளர்களைத் தம் காரிலேயே இலாகாவுக்கு அழைத்துச் சென்று புகார் எழுத உதவினார். அவருடைய அதிகாரத்தில் இல்லாத வேலை அது. அதனால்தான் அவர்மீது எங்களுக்கு அத்தனை மதிப்பு.

ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர், கெடா

எங்கள் அனுபவம் நல்லபடியாக முடியவில்லை. ஆனாலும் பிறருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்கு விற்கப்பட்டது. மூன்று தலைமுறையாக நம்மவர்களைத் தகனம் செய்து வந்த சுடுகாட்டுக்குப் போகும் பாதை அந்த நிலத்துக்குள் இருந்தது. மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகே நாங்கள் மன்ற உறுப்பினரைத் தேடி ஓடினோம். அவர் கூட்டத்தில் கேட்டார். திட்டமிடல் அனுமதி ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது, ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்பதே பதில். நிலப் பயன்பாட்டை வகுக்கும் உள்ளூர்த் திட்டம் நடைமுறைக்கு வராத இடங்களில், அனுமதி கேட்கப்பட்டிருப்பதை அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் அறிவிக்க வேண்டும், அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் கூறுகிறது. கோயிலும் சுடுகாடும் தோட்டத்தின் நிலத்திலேயே இருந்தபடியால் நாங்கள் உரிமையாளர்கள் அல்லர். எங்களுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. எத்தனை தலைமுறை அனுபவித்த இடமானாலும், பட்டா இல்லாதவனுக்கு அறிவிப்பும் இல்லை.

உறுப்பினர் அதன்பிறகும் முயன்று, வீடமைப்பு நிறுவனத்தின் வரைபடத்தில் ஓரமாக ஒரு பாதை விடச் செய்தார். சவ ஊர்தி திரும்ப இடமில்லாத குறுகிய பாதை அது. கடைசித் தூரத்தைத் தோளில் சுமந்தே போகிறோம். தோட்டத்தில் கோயில், சுடுகாடு, பள்ளி வைத்திருக்கும் அன்பர்கள், நிலம் விற்பனைக்கு வருகிறது என்ற பேச்சு காதில் விழுந்த உடனேயே தங்கள் மன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்து, திட்டமிடல் குழுவில் விண்ணப்பம் வந்தால் தெரிவிக்கும்படி கேட்டுவையுங்கள்.

தாமான் குடியிருப்பாளர், பேராக்

முழு மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் உட்காரலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், பேராக்

ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, மன்றமே வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, முழு மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. அவை மூடியே நடக்கும், அந்தந்தக் குழு அனுமதித்தால்தான் உள்ளே போகலாம். நாங்கள் மன்றச் செயலாளரின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிட்டுச் செல்கிறோம், இதுவரை யாரும் தடுத்ததில்லை. பார்வையாளர்கள் பேச முடியாது. ஆனால் கடைசி வரிசை வீட்டுக்காரர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது அதிகாரிகள் தேதி சொல்லிப் பதிலளித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் ஆற்றைத் தூர்வாரும் விஷயம் மறுபடியும் வருகிறது; எங்கள் உறுப்பினரின் நியமனக் காலமும் முடியும் தறுவாயில் இருப்பதால், வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பதிலை அதற்குள் எழுத்தில் வாங்கித் தரும்படி அவரிடம் கேட்டிருக்கிறோம். நீங்கள் பேராக்கில்தான் இருக்கிறீர்கள் என்றால் எங்களோடு வந்து உட்காருங்கள்.