சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் மலைப்பக்கம் போனவர்களே, உங்களை உறுத்துவது எது?

வரப்புவழி:
மென்லிஷன் - கிளைன ஷைடெக் பாதை. எல்லோரும் போகிற பாதைதான், விளக்க வேண்டாம். கேபிள் காரில் 2,230 மீட்டருக்கு ஏறி, நாலரை கிலோமீட்டர் லேசான இறக்கத்தில் நடந்து, 2,061 மீட்டரில் ரயிலைப் பிடிப்பது. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் நேரெதிரே. ஆனால் உறுத்துவது மலை இல்லை, மாடு.

ஒரு வளைவில் பாதையை அடைத்துக்கொண்டு பசுவும் கன்றும். ஒருவர் தன் மகளைக் கன்றின் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்கிறார். பசு மேய்ச்சலை நிறுத்துகிறது. தலை தாழ்கிறது, மூக்கு சீறுகிறது, முன்னங்கால் மண்ணைப் பறிக்கிறது. குழந்தை சிரித்துக்கொண்டே நிற்கிறது! பின்னால் வந்த ஒரு பாட்டி குழந்தையின் பையைப் பிடித்து இழுத்ததோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கன்று தாயோடேயே மேயும் மந்தைகள் அங்கே உண்டு. ஆள் கை அதிகம் படாதவை. 20 முதல் 50 மீட்டர் தள்ளியே போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. பாதையிலேயே நின்றால் சுற்றிப் போகலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம். தலையைத் தாழ்த்திவிட்டால் முதுகைக் காட்டி ஓடாமல் அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். நாய் கொண்டுபோகிறவர்கள் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். ஆனால் மாடு பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். அது குறிவைப்பது நாயைத்தான், நாய் ஓடித் தப்பிவிடும்.

மின்வேலியைக் கடக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும். கழற்றி, கடந்து, திரும்ப மாட்டுங்கள். கம்பியை ஈரப்புல்லில் போட்டுவிட்டுப் போனால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி, வேலி முழுக்க வலுவிழந்துபோகும். சாயங்காலம் மந்தை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

மூட்டை_முடிச்சு:
மாட்டுக்கதை போதும். இன்டர்லாக்கன் ஒஸ்ட் நிலையத்தில் ரயில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் கவனிக்காததைச் சொல்கிறேன். அந்த ரயில் ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு. கணவர் பெட்டிகளோடு ஒரு பாதியில், மனைவி ஜன்னல் சீட்டுக்காக இன்னொரு பாதியில். வண்டி பிரிந்து எதிரெதிர் பள்ளத்தாக்குக்குள் போகும்போது கண்ணாடி வழியாகக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கே தெரியாமல். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் ஊர்ப்பெயர் இருக்கும், நடைமேடையிலும் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று போட்டிருக்கும். தவறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்து மாறுங்கள். பயணச்சீட்டை மொத்தமாக ஒருவர் கைப்பேசியிலேயே வைக்காதீர்கள்.

பேர்ண்வாசி:
வரப்புவழி அண்ணை, அந்தப் பாதை ஒண்டரை மணித்தியாலம் எண்டு மஞ்சள் பலகையில போட்டிருக்கிறதைப் பாத்துப்போட்டுக் கடைசி ரயிலுக்குக் கணக்குப் போடுற ஆக்கள் கனபேர். பலகையில இருக்கிறது நடக்கிற நேரம் மட்டும்தான். இளைப்பாறுறது, சாப்பிடுறது, படம் எடுக்கிறது ஒண்டும் அதுக்குள்ள இல்லை. நல்ல சமதரையில மணிக்கு 4.2 கிலோமீற்றர் எண்டது பலகை போடுறவையின்ர கணக்கு. சின்னப்பிள்ளையள் இருந்தால் இரட்டிப்பா எடுங்கோ.

வெறும் மஞ்சள் குறி எண்டால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை எண்டால் மலைப்பாதை, பிடிப்புள்ள சப்பாத்து வேணும், தலைசுத்துற ஆக்களுக்குச் சரிவராது. வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்புங்கோ. அது பாறை ஏறத் தெரிஞ்ச ஆக்களுக்கு.

ஜூன் மாசத்தில 2,000 மீற்றருக்கு மேல ஓடைப்பள்ளங்களில பழைய பனி கிடக்கும். மேல கெட்டியாத் தெரியும், அடியில தண்ணி ஓடிக் குடைஞ்சிருக்கும். ஒருத்தர் கைத்தடியால குத்திப் பாத்தார். தடி பிடிவரைக்கும் இறங்கிப் போச்சு, உள்ளுக்குத் தண்ணிச் சத்தம் கேட்டுது. அதுக்குப் பிறகும் பின்னால வந்த நாலு பேர் அதில ஏறிப் போச்சினம்!

சமவெளி:
எல்லோரும் யுங்ஃப்ராவ்யோக்கை, அந்த உச்சி ரயில் நிலையத்தை, மறந்துவிட்டீர்களே. பனிக்குகையின் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே சரிந்து உட்கார்ந்தவர் முகம் நினைவில் நிற்கிறது.

காரணம் எளிது. இன்டர்லாக்கன் 570 மீட்டருக்குள், மேலே 3,454. கிரிண்டல்வால்டிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் கால் மணி நேரத்தில் 2,320 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும், மிச்சத்தைச் சுரங்க ரயில் அரை மணிக்குள் ஏற்றிவிடும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டு, இறங்கியவுடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தால் யாருக்கும் தலை கிறங்கும். முதல் பத்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரை தேடாமல் அடுத்த ரயிலில் கீழே இறங்க வேண்டும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

மழைக்காதலன்:
சமவெளி சொல்வதில் மறுப்பில்லை, ஆனால் அவ்வளவு பணம் கட்டிப் பாதிப்பேர் பார்த்துவிட்டு வருவது வெள்ளைத் திரையைத்தான். ஸ்விஸ் டிராவல் பாஸ் வெங்கன், கிரிண்டல்வால்ட் வரைதான் முழுசாகச் செல்லும், அதற்குமேல் தள்ளுபடி மட்டுமே. உச்சியின் நேரலைக் காமிராவைப் பார்த்துவிட்டுக் காலையில் சீட்டு வாங்குங்கள். மேகமாக இருந்தால் ட்ரூம்மல்பாக் போங்கள். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியாற்று நீரும் மலைக்குள்ளேயே பத்து அருவிகளாக விழுகிறது, நொடிக்கு 20,000 லிட்டர் வரை. கைப்பிடிக் கம்பியில் கை வைத்தால் அதிர்வு முழங்கை வரை ஏறும். குற்றாலத்தை யாரோ பாறைக்குள் பூட்டி வைத்த மாதிரி. லிஃப்டில் ஏறி, மேலே இருப்பவற்றைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்குங்கள். நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடமாட்டார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். செருப்போடு போகாதீர்கள், படியெல்லாம் ஈரம்.

அடுக்களை_அரசி:
யாரும் சாப்பாட்டைப் பற்றியே பேசக் காணோம், நானே சொல்கிறேன். மியூரன் மாதிரி 1,640 மீட்டரில் வீடெடுத்துத் தங்கினால் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக நெடுநேரம் ஆகும், அரிசி வெளியே குழைந்து உள்ளே கடுக்கென்று நிற்கும். பச்சரிசியை அரை மணி ஊற வையுங்கள், தண்ணீரைக் கால் டம்ளர் கூட விடுங்கள், புளியும் உப்பும் பருப்பு வெந்த பிறகு. குக்கர் இருந்தால் வழக்கத்தைவிட ஒரு விசில் சேர்த்து வையுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் குக்கருக்குள்ளும் சூடு கொஞ்சம் குறையும்.

குக்கரைச் சுமக்கும் முன் அடுப்பு என்ன வகை என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். பிளக்கும் தொல்லைதான். சுவிஸ் சாக்கெட் குழிவாக இருக்கும், கடைகளில் 'ஐரோப்பிய அடாப்டர்' என்று தருகிற குண்டு வட்ட வகை அதற்குள் நுழையாது. ஒல்லியான இரண்டு முனை சார்ஜர் நுழையும். மூன்று முனைக்குச் சுவிஸ் அடாப்டரே வேண்டும்.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து புகைபோக்கியைப் போடுங்கள். கூரையில் புகை அலாரம் இருந்தால் மிளகாய் வெடித்ததும் அலறும், இரவு பத்து மணிக்குமேல் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள். பெருங்காயத்தை இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள். ரசப்பொடி, பருப்புப்பொடி இரண்டும் இருந்தால் ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.

மூட்டை_முடிச்சு:
அக்கா, பருப்பை யார் கேட்டார்கள்? இழையே பனிமலையைப் பற்றி!

அடுக்களை_அரசி:
பனிமலையில் பசிக்காதா தம்பி?

தெற்குக்காற்று:
சண்டை போதும். என்னை உறுத்துவது காற்று. தூரத்து மலை கையால் தொடுகிற தொலைவில் தெரியும், பாறையின் கீறல்கூடத் துல்லியமாக. மீன் வடிவில் வழுவழுப்பான மேகம், அக்டோபரில் சட்டை வியர்க்கும் வெயில். என்ன அருமையான நாள் என்று எல்லோரும் கேபிள் காருக்கு வரிசை கட்டுவார்கள். அது ஃபோன் (Föhn) என்கிற மலைக்காற்று. ஆல்ப்ஸின் தென்புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வடபுறம் இறங்கும்போது 100 மீட்டருக்கு ஒரு டிகிரி சூடேறி, காய்ந்து, சூறையாக வரும். மைரிங்கன் 1891-லும் கிரிண்டல்வால்ட் 1892-லும் இந்தக் காற்றில் பரவிய தீயில்தான் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயின.

பலமாக வீசினால் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். காலையில் மென்லிஷனுக்கு ஏறியவர்கள் கிளைன ஷைடெக் வரை நடந்து பல்சக்கர ரயிலில் இறங்க வேண்டிவரும். அதனால் அப்படிப்பட்ட நாளில் போவது, வருவது இரண்டையும் ரயிலிலேயே திட்டமிடுங்கள். காற்று ஓய்ந்ததும் குளிரும் மழையும் சட்டென்று வந்துவிடும், கோட்டை அறையில் விடாதீர்கள்.

பேர்ண்வாசி:
மீட்பு ஹெலிகொப்டர் ஒருத்தரும் சொல்லேல்லை. றேகா, இலக்கம் 1414. சிக்னல் இல்லாட்டி விசில் அல்லது ரோச் லைற்: ஒரு நிமிஷத்துக்கு ஆறு தரம், பிறகு ஒரு நிமிஷம் நிப்பாட்டி, திரும்ப ஆறு. நிமிஷத்துக்கு மூண்டு தரம் பதில் வந்தால் கண்டிட்டினம். ஹெலிகொப்டர் கிட்ட வந்தால் ரெண்டு கையையும் மேல விரிச்சால் 'உதவி வேணும்', ஒரு கை மேல ஒரு கை கீழ எண்டால் 'வேண்டாம்'. சும்மா போற ஹெலிகொப்டருக்கு ரெண்டு கையும் ஆட்டாதேங்கோ.

சமவெளி:
பேர்ண்வாசி, சைவக்காரர்கள் கேட்பார்கள், நானே கேட்டுவிடுகிறேன். வழியில் ஆல்ப் சீஸ் விற்கிறார்களே, சாப்பிடலாமா?

பேர்ண்வாசி:
பேர்ணர் ஆல்ப்கேஸ எண்டால் பாலை உறைய வைக்கிறது கண்டுக்குட்டியின்ர வயித்தில இருந்து எடுக்கிற ரெனெற்றில. வடிவா யோசிச்சு முடிவெடுங்கோ. கடைக்குளிர்பெட்டியள் பாதையோரம் ஆளில்லாமல் நிக்கும், காசைப் பெட்டிக்குள்ள போட்டுட்டு எடுக்கிறது. ஒட்டியிருக்கிற ட்வின்ற் எண்ட கைப்பேசிக் கட்டணக் குறியை நம்பாதேங்கோ, அதுக்குச் சுவிஸ் வங்கிக் கணக்கு வேணும். மிச்சம் தர ஒருத்தரும் இல்லை, 5, 2, 1 பிராங் குத்தியள் கொண்டுபோங்கோ.