பதில்: சங்கரன் நினைவு வளைவு நிதி – முதலில் மண்டபத்து செப்டிக் டேங்கைப் பேசுவோம்

தலைவர் சித்தப்பாவுக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் சங்கரன் நினைவு வளைவு கட்ட, நம் சங்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் பத்தாயிரம் ரூபாய் தரவேண்டும் என்று கேட்டு வந்த மடலைப் பார்த்தேன். எஸ். ஆர். சங்கரன் ஐஏஎஸ் பெயரை ஊரில் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரியாத் மாப்பிள்ளை எழுதியதுபோல அவர் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள்தான். ஆனால் 2005-இல் பத்ம பூஷண் அறிவித்தபோதே வேண்டாம் என்று சொன்ன மனுஷர் அவர். அவருக்கு சிமெண்ட் வளைவு கட்டி, கீழே நன்கொடையாளர் பெயர்களை அவர் பெயரைவிடப் பெரிதாகப் பொறிக்கத்தான் போகிறோம். போர்வெல் கல்வெட்டில் நடந்தது மேலத் தெருக்காரர்களுக்கு மறந்திருக்காது.

"ஆந்திராவில் அதிகாரியாக இருந்தார், அவ்வளவுதானே" என்று அத்தான் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் இல்லை. ஆந்திராவில் சமூக நலத்துறைச் செயலராக இருந்தபோது கிராமம் கிராமமாகப் போய், கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களிடம் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி நீங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று நேரிலேயே சொன்னவர். முதலமைச்சருக்கே அது பிடிக்கவில்லை. அப்புறம் திரிபுராவுக்குத் தலைமைச் செயலராகப் போனார். (நம் தாத்தாக்கள் காலத்துப் பண்ணையாள் கதையை இங்கே எழுதினால் பாதிப்பேர் சண்டைக்கு வருவீர்கள், விட்டுவிடுகிறேன்.)

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1987 டிசம்பரில் கிழக்கு கோதாவரிக் காட்டுப் பகுதியில் நக்சலைட்டுகள் அவரையும் வேறு சில அதிகாரிகளையும் கடத்திப் போனார்கள். சிறையிலிருந்த தங்கள் தோழர்களை அரசு விடுவித்த பிறகுதான் இவர்களை விட்டார்கள். 1992-இல் மத்திய ஊரக வளர்ச்சிச் செயலராக ஓய்வுபெற்றார். அதே ஆள் 1997-இல் அக்கறையுள்ள குடிமக்கள் குழுவைக் கூட்டி, போலீஸ் என்கவுன்டரும் தப்பு, நக்சலைட்டுகள் செய்யும் கொலையும் தப்பு என்று இரண்டு பக்கமும் முகத்துக்கு நேராகச் சொன்னார். 2004-இல் ஹைதராபாத்தில் அரசுக்கும் நக்சலைட்டுகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்ததில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் கொத்தடிமை ஒழிப்பை ஆராய அமைத்த நிபுணர் குழுவுக்கும் அவரே தலைவர். பதவி போனபிறகுதான் அவருக்கு வேலை அதிகம்.

கடைசிக் காலத்தில் அவர் தோள்கொடுத்தது மலம் அள்ளும் தொழிலை ஒழிக்கப் போராடிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலனுக்கு. அவர்கள் 2003-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014-இல் தீர்ப்பு வந்தபோது அவர் இல்லை, 2010-லேயே போய்விட்டார்.

இதை எழுதக் காரணம், சித்தி போன மாதம் ஊருக்குப் போனபோது பார்த்தது. நம் சங்க மண்டபத்து செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து, ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கியிருக்கிறார். மேலே இருந்தவர் கையில் வாளி. கையுறைகூட இல்லை. சித்தி கேட்டதற்கு, "கழிவை உறிஞ்சுற லாரிக்குச் சொன்னால் ரெண்டு மடங்கு கேக்குறான்" என்று நம் ஆள் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். யார் என்று இங்கே எழுத மாட்டேன், அவருக்கே தெரியும்.

மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதே குற்றம். உள்ளே விஷவாயு தாக்கி ஒருவர் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தரச் சொல்லி 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. காசைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பொருளாளர் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். கும்பாபிஷேகக் கணக்கை நான் கிளறவில்லை, அது உங்களுக்கும் பெரிய மாமாவுக்கும் உள்ள விஷயம். மண்டபப் பராமரிப்பில் 'இதர செலவு' என்று போட்டிருப்பதை மட்டும் பிரித்து அனுப்புங்கள். இறங்கியவருக்கு என்ன கூலி கொடுத்தோம், இதற்கு முன்னால் எத்தனை தடவை இறக்கினோம், இரண்டும் வேண்டும். இனிமேல் லாரிதான் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டு, நகலை இங்கே அனுப்புங்கள்.

அது வந்த அன்றைக்கே என் பங்கைக் கட்டுகிறேன். வளைவுக்கு இல்லை, லாரிக்கு.